மீடியம் ரேர் கேட்டால் வெல் டன் வருகிறது: செயின் ஸ்டேக்ஹவுஸ்களில் உங்கள் அனுபவம் என்ன?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கிளைகள் கொண்ட, குடும்பத்தோடு சென்று சாப்பிடுவதற்கு ஏற்ற ஒரு ஸ்டேக்ஹவுஸுக்கு (சுட்ட மாட்டிறைச்சித் துண்டான ஸ்டேக்கை முதன்மையாகப் பரிமாறும் உணவகம்) நாங்கள் அவ்வப்போது செல்வது வழக்கம். கடந்த சனிக்கிழமை இரவு ஆறு அவுன்ஸ் சர்லாயினை (மாட்டின் பின்முதுகுப் பகுதி இறைச்சி) மீடியம் ரேர் பதத்தில், அதாவது உள்ளே சிவப்பாக இருக்கும்படி, கேட்டிருந்தேன். வந்த இறைச்சியோ வெல் டன், அதாவது முழுக்க வெந்த பதத்தில், நடுப்பகுதி வரை பழுப்பேறி, கத்தியை அழுத்தி இழுத்தால்தான் அறுபடும் என்ற நிலையில் இருந்தது. திருப்பிக் கொடுத்தேன். பரிமாறிய பெண் முகம் கோணாமல் எடுத்துச் சென்றார் என்றாலும், மாற்று ஸ்டேக் வந்து சேர்வதற்குள் உடன் வந்தவர்கள் அனைவரும் சாப்பிட்டு முடித்துவிட்டார்கள். அதுவும் இம்முறை நடுவில் சூடே ஏறாமல் பச்சையாக இருந்தது. மேற்கொண்டு எதுவும் சொல்ல மனமில்லாமல் ஓரங்களை மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பணத்தைக் கட்டினேன்.

அதே கிளையில் ரிப்-ஐ (விலாப் பகுதி ஸ்டேக்) கேட்டால் பெரும்பாலும் சரியாகவே வருகிறது. சர்லாயின் மட்டும் ஏன் இப்படித் தவறுகிறது? இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பியிருக்கலாமா? இப்படிப்பட்ட நேரத்தில் டிப்ஸைக் குறைப்பது நியாயம்தானா?

மறுமொழி: க்ரில்லில் வேலை பார்த்தவர்

சகோதரி, இத்தகைய உணவகம் ஒன்றின் க்ரில்லில் சில ஆண்டுகள் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆறு அவுன்ஸ் சர்லாயின் பெரும்பாலும் மெல்லிய துண்டு, கொழுப்பும் குறைவு. மீடியம் ரேர் என்பது உள்ளே ஏறத்தாழ 130 முதல் 135 டிகிரி ஃபாரன்ஹீட். மீடியம் என்பது 140 முதல் 145. கொதிக்கும் க்ரில்லின் மேல் மெல்லிய துண்டு இந்த இடைவெளியைக் கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடும். ரிப்-ஐயில் ஊடுபாவிய கொழுப்பு இருப்பதால், பதம் ஒரு படி தவறினாலும் வாயில் வறட்சி தெரிவதில்லை. ஆகவே அங்கேயும் பதம் தவறியிருக்கலாம். உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

பலரும் கவனிக்காத இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மேசைக்குரிய தட்டுகள் எல்லாம் ஒன்றாகத்தான் வெளியே போக வேண்டும். உங்களோடு வந்தவர்களில் ஒருவர் வெல் டன் கேட்டிருந்து, அது தாமதமானால், உங்கள் சர்லாயின், தயாரான தட்டுகளை வைக்கும் சமையலறைச் சன்னலில், உணவைச் சூடாக வைத்திருக்கும் விளக்கின் கீழே காத்திருக்கும். க்ரில்லிலிருந்து எடுத்த பிறகும் இறைச்சியின் உட்சூடு ஐந்து டிகிரி அளவுக்கு ஏறும். விளக்கின் சூடு அதற்கு மேல். சரியான பதத்தில் நான் எடுத்து வைத்த துண்டு மேசைக்குப் போவதற்குள் மீடியத்தைத் தாண்டிவிட்டதைச் சனிக்கிழமை இரவுகளில் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டம் நெரியும்போது வெப்பமானியைச் செருகிப் பார்ப்பவர்கள் குறைவு. விரலால் அழுத்திப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

பதத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்ளாமல், நடுப்பகுதி சூடாகவும் சிவப்பாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள். மெனு அட்டைகளில் மீடியம் ரேருக்குப் பொதுவாக அப்படித்தான் விளக்கம் இருக்கும். பரிமாறுபவர் அதை ஆர்டரில் குறிப்பாகச் சேர்த்துவிடுவார்.

மறுமொழி: பரிமாறும் பணியில் இருப்பவர்

டிப்ஸைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதைக் குறைக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிப்ஸ் பெறும் பணியாளருக்கு முதலாளி நேரடியாகத் தர வேண்டிய ஊதியம், கூட்டாட்சிச் சட்டப்படி மணிக்கு 2.13 டாலர்தான், 1991 முதல் இந்தத் தொகை மாறவில்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தைத் தரச் சொல்கின்றன என்றாலும், பல மாநிலங்களில் எங்கள் வருமானம் வாடிக்கையாளரின் கையில்தான் இருக்கிறது. உங்கள் இறைச்சி அதிகமாக வெந்ததில் அந்தப் பெண்ணுக்குப் பங்கில்லை. பில்லிலிருந்து ஓர் உணவை நீக்கும் அதிகாரம் பொதுவாக மேலாளரிடம்தான் இருக்கும். அவரை மேசைக்கு அழைத்துப் பேசுவதில் எந்தத் தவறும் இல்லை, எங்களுக்கு அதில் வருத்தமும் இல்லை.

தட்டு வந்தவுடன், நாங்கள் அங்கேயே நிற்கும்போதே, ஓரத்தில் அல்லாமல் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். பாதி சாப்பிட்ட பிறகு சொன்னால் அதைச் சரிசெய்வது எல்லோருக்கும் கடினம்.

மறுமொழி: நீண்டகால வாடிக்கையாளர்

மேலே சொன்ன விளக்கங்கள் பயனுள்ளவைதான், ஆனால் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. சூட்டு விளக்கையும் துண்டின் தடிமனையும் கணக்கிட வேண்டியவர் வாடிக்கையாளர் அல்லர். எந்தக் கிளைக்குப் போனாலும் ஒரே தரம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தானே இத்தகைய உணவகங்களைத் தேடிப் போகிறோம்? தவறு சமையலறையினுடையது என்றால் ஈடு செய்ய வேண்டிய பொறுப்பும் அவர்களுடையதே.

இரண்டாம் முறை திருப்பி அனுப்புவது முற்றிலும் முறையானது. அதிகம் வெந்ததை மீட்க முடியாது. வேகாததை மீண்டும் க்ரில்லில் வைத்து விரைவில் சரிசெய்துவிடலாம். இதில் பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. மலிவான துண்டுகள் சிலவற்றை மென்மையாக்குவதற்காக இயந்திர ஊசிகளால் துளைப்பார்கள். அப்போது மேற்பரப்பில் உள்ள கிருமிகள் உள்ளே போக வாய்ப்பு உண்டு. அவ்வாறு துளைத்த மாட்டிறைச்சிப் பொட்டலங்களில் அதைக் குறிப்பிட வேண்டும் என்பது 2016 முதல் அமெரிக்க வேளாண் துறையின் விதி. முழுத் துண்டு மாட்டிறைச்சிக்கு அத்துறை பரிந்துரைப்பது 145 டிகிரி உட்சூடும், எடுத்த பிறகு மூன்று நிமிடம் ஆறவிடுவதும். கர்ப்பிணிகளும் முதியவர்களும் உடன் வந்தால், ஊசியால் துளைத்த இறைச்சியா என்று கேட்டுவிட்டு ஆர்டர் கொடுப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. டிப்ஸைக் குறைக்கவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். என் மாமனார் அன்று வெல் டன்தான் கேட்டிருந்தார். அது இப்படி என் தட்டைப் பாதிக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. அடுத்த முறை அவருடையதற்காகக் காத்திருக்காமல் என்னுடையதை முதலில் கொண்டு வரச் சொல்லலாமா, அல்லது அது சமையலறைக்குத் தொந்தரவாகுமா?

மறுமொழி: க்ரில்லில் வேலை பார்த்தவர்

தாராளமாகச் சொல்லலாம். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். தட்டுகள் சன்னலுக்கு வந்த பிறகு சொன்னால் பயனில்லை. கூடவே சர்லாயினுக்குப் பதிலாக அதே எடையில் ஃபிலே (மாட்டின் மிக மென்மையான பகுதித் துண்டு) இருந்தால் அதைக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் துண்டு தடிமனாக இருப்பதால் க்ரில்லில் நிற்பவருக்குப் பதம் பார்க்க நேரம் கிடைக்கும்.