பிட்ஸ்பர்க் தேவாலய ப்ரூபப்: பீட மேடையில் பியர் காய்ச்சுவது கட்டடத்துக்கு நல்லதா?

பயணப்பை

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் அருகே இருக்கும் பென் ஹில்ஸ் வெங்கடேசுவரர் கோவிலுக்கு வரும் நம்மவர்கள், அரைநாள் மிச்சமிருந்தால் பிட்ஸ்பர்க் லாரன்ஸ்வில் பக்கத்துச் 'சர்ச் ப்ரூ வொர்க்ஸ்' பற்றிக் கேட்பதுண்டு. 1902இல் எழுந்த திருமுழுக்கு யோவான் தேவாலயம் அது. 1993இல் மறைமாவட்டம் மூடியது, 1996இல் ப்ரூபப்பாக, அதாவது பியரை அங்கேயே காய்ச்சி விற்கும் உணவகமாக, திறந்தார்கள். பீடம் இருந்த மேடையில் இப்போது செம்பும் எவர்சில்வருமாகக் காய்ச்சும் கலன்கள். இப்படிச் செய்வது பழைய கட்டடத்தைக் காப்பாற்றுமா, அரித்துத் தின்னுமா? நேரில் போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாந்துக்கரண்டி

தின்னும். பியர் மேல் எனக்குக் கோபமில்லை, நீராவி மேல்தான். பொதுவாக ஒரு கணக்குப் போடுவோம். 1,000 லிட்டர் கெட்டிலில் வோர்ட் (முளைகட்டிய தானியமான மால்ட்டின் இனிப்புச் சாறு) கொதிக்கிறது, மணிக்கு 8 சதவீதம் ஆவியாகிறது என்றால் 80 லிட்டர் தண்ணீர் காற்றில் ஏறுகிறது. 5,000 கனமீட்டர் கூடத்தில் 20 டிகிரிக் காற்று மொத்தமாகத் தாங்கும் ஈரமே 86 கிலோதான். பாதி ஈரத்தோடு இருக்கும் கூடத்தை நிரப்ப இன்னும் 43 கிலோ போதும். அரைமணிக் கொதியில் முடிந்துவிடும்.

அந்த ஈரம் குளிர்ந்த இடம் தேடிப் போய் உட்காரும். வெளியே மைனஸ் 5 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உள்முகம் 1, 2 டிகிரிக்கு இறங்கிவிடும். 20 டிகிரி, 50 சதவீத ஈரத்துக்குப் பனிப்புள்ளி, அதாவது ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 9 டிகிரி. வண்ணக் கண்ணாடி வியர்க்காமல் என்ன செய்யும்? வழிந்த நீர் அடிச்சட்டத்தில் தேங்கும், ஈயப்பட்டைக்குள் இருக்கும் 'புட்டி' என்ற அடைப்புப் பசை விட்டுப்போகும், மரச்சட்டம் உளுத்துப்போகும். சுண்ணாம்புப் பூச்சுக்கு மேல் யாராவது பிளாஸ்டிக் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே மாட்டிய ஈரம் உப்புப் பூத்து, பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடும்.

பழைய கட்டடத்துக்குப் புதுப் பயன்பாடு கொடுக்கலாம், அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக்கூடாது என்பதுதான் 1964 வெனிஸ் சாசனத்தின் 5ஆம் பிரிவு. காய்ச்சுவது பக்கத்துக் கொட்டகையில் நடக்கட்டும், குழாயில் கொண்டுவந்து உள்ளே பரிமாறட்டும்.

மால்ட்மூட்டை

கணக்கு சரி, ஆனால் திறந்த அண்டாவுக்குப் போட்ட கணக்கு. ப்ரூபப்பில் கெட்டில் மூடியிருக்கும், ஆவிக்குழாய் தனியாகப் போகும். கட்டடத்துக்காகக்கூட இல்லை, பியருக்காகவே அப்படித்தான் வைத்தாக வேண்டும். மால்ட்டிலிருந்து வரும் டைமெத்தில் சல்ஃபைடு ஆவியோடு வெளியேறாவிட்டால் பியரில் வேகவைத்த மக்காச்சோள வாடை நின்றுவிடும். குழாயில் குளிர்ந்த நீர் கெட்டிலுக்குள் திரும்பச் சொட்டவும் விடமாட்டார்கள், கீழே ஒரு வளையம் வைத்துப் பிடித்துச் சாக்கடைக்கு அனுப்புவார்கள்.

கூரையைத் துளைக்க மனமில்லையா? கண்டென்சர் போடுங்கள். அந்த 80 கிலோ ஆவியை நீராக்க 15 டிகிரித் தண்ணீர் மணிக்கு 700 லிட்டர் அளவில் ஓடினால் போதும். அதே தண்ணீர் 80 டிகிரியில் வெளியே வரும். சுருள்குழாய் வகையாக இருந்தால் சுத்தமான வெந்நீர், அடுத்த காய்ச்சலுக்கு ஆகும். தெளிப்பு வகை என்றால் வோர்ட் ஆவியோடு கலந்துவிடும், கொட்டத்தான் வேண்டும்.

அலங்காரம் என்றீர்களே, பிட்ஸ்பர்க்கில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஓக் பெஞ்சுகளைச் சுமார் நாலரை அடிக்கு வெட்டி உணவு மேசைகளுக்கு இருக்கையாக்கினார்கள். மிஞ்சிய ஓக்கில் பார் மேடை. மேல்விரிப்புக்கு அடியில் கிடந்த டக்ளஸ் ஃபர் பலகைத் தரையை மீட்டார்கள். பாவசங்கீர்த்தன அறையை எடுத்தபோது வந்த செங்கல் வெளியே பெயர்ப்பலகைத் தூணுக்குப் போனது. கூரை ஒழுகி, குழாய் உறைந்து வெடித்து, புறா அடைந்து கிடக்கும் காலித் தேவாலயத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அந்தோணிமகள்

'பீடத்தின் மேல் பியர் டாங்க்' என்று ஊரெல்லாம் சொல்வது தவறு. 1983 திருச்சபைச் சட்டம் 1222இன்படி, வழிபாட்டுக்கு உதவாத ஆலயத்தை ஆயர் உலகியல் பயன்பாட்டுக்கு விடலாம், ஆனால் அது இழிவான பயன்பாடாக இருக்கக்கூடாது. ஆலயம் அப்படி விடப்பட்டாலும் பீடம் தன் அர்ச்சிப்பை இழப்பதில்லை என்கிறது 1238. பீடத்தை வேறெதற்கும் பயன்படுத்தக்கூடாது என்கிறது 1239. எனவே பீடத்தை முதலில் அகற்றியாக வேண்டும், டாங்க் நிற்பது பீடம் இருந்த மேடையில்தான்.

இது எனக்குச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 'இழிவு' எது என்பதைச் சட்டம் வரையறுக்கவில்லை, சண்டையே அங்கேதான். நூலகம், இசைக்கூடம் என்று எத்தனையோ இருக்க, நற்கருணை வைத்த திசையை நோக்கிக் கோப்பையைத் தூக்குவது என் கண்ணுக்கு உறுத்துகிறது.

மால்ட்மூட்டை

உறுத்தலை மதிக்கிறேன் அம்மா. ஆனால் துறவிகளின் மேற்பார்வையிலேயே இன்றும் பியர் காய்ச்சுகிறார்கள். பெல்ஜியத்தின் வெஸ்ட்மாலே, ஓர்வல் மடங்களுக்குள்ளேயே ஆலை இருக்கிறது.

அந்தோணிமகள்

மடத்துக்குள் ஆலை இருக்கிறது தம்பி, மடத்தின் கோவிலுக்குள் இல்லை.

இரும்புத்தூலம்

ஆவியை விடுங்கள், எடையைப் பேசுவோம். 1,000 லிட்டர் நொதிகலன் நிறைந்தால் சட்டகத்தோடு சுமார் 1,400 கிலோ. 1.2 மீட்டர் சதுரத்தில் நிற்கிறது என்றால் சதுரமீட்டருக்கு 970 கிலோ. மக்கள் கூடும் இடத்துக்கு அமெரிக்காவில் தரை தாங்க வேண்டிய அளவு சதுரமீட்டருக்கு 490 கிலோ அளவுதான். இரண்டு மடங்கு. அதுவும் பரவலாக இறங்காது, நாலு காலில் தலா 350 கிலோவாகக் குத்தும். கீழே நிலவறையும் மேலே மர உத்திரமும் இருந்தால் பலகை தொய்யும். தரை சாய்ந்தால் டாங்கில் மட்டக்கண்ணாடி காட்டும் அளவும் பொய்யாகும்.

வழி உண்டு. பீட மேடை மூன்று படி உயரம், 45 செ.மீ. கிடைக்கும். அந்த உயரத்துக்குள் இரும்புச் சட்டகம் விட்டு, எடையைச் சுவருக்கோ புது அஸ்திவாரத்துக்கோ இறக்கலாம். சட்டகத்தின் மேல் எவர்சில்வர்த் தட்டம், மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு, ஓரத்தில் வடிகால். பழைய தரையில் ஒரு ஓட்டைகூட வேண்டாம். பின்னொரு நாள் கழற்றினால் கட்டடம் பழையபடி நிற்கும். பதிவான வரலாற்றுக் கட்டடத்தைப் புதுப்பித்தால் அமெரிக்க நடுவணரசு தரும் 20 சதவீத வரிச்சலுகைக்கான விதிகளில் இந்தக் கழற்றக்கூடிய தன்மையும் ஒன்று.

தட்டத்துக்குப் பதில் எப்பாக்சி பூசினால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். 80 டிகிரித் தண்ணீர் கொட்டினால் எப்பாக்சி அடித்தளத்திலிருந்து விட்டுக்கொண்டு அப்பளமாகத் தூக்கும். யூரிதேன் சிமென்ட்தான் அந்தச் சூட்டைத் தாங்கும்.

சாந்துக்கரண்டி

கெட்டில் ஒன்றை அடக்கிவிட்டால் போதுமா? மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷ் தொட்டியைத் திறக்கும்போது ஆவி. டாங்கை 70, 80 டிகிரிக் காஸ்டிக் கரைசலில் கழுவும்போது ஆவி. ஹோஸில் தரையைக் கழுவுகிறபோது மறுபடி ஈரம். ஒரு லிட்டர் பியருக்கு 5 முதல் 8 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, அதில் பெரும்பகுதி கழுவத்தான். 170 கிலோ மால்ட் போட்டால் 200 கிலோ ஈரச் சக்கை வெளியே வரும். கோடையில் ஒருநாள் வைத்தால் நாற்றம் கூடத்தை விட்டுப் போகாது. மால்ட் அரைக்கும் தூசி வெடிக்கக்கூடியது, அதற்குத் தனி அறை. இவ்வளவுக்கும் வழி வேண்டுமென்றால் எந்தச் சுவரை உடைக்கப் போகிறீர்கள்?

நெதர்லாந்தின் ஹார்லெமில் 2010இல் திறந்த யோப்பன்கெர்க்கும் பழைய தேவாலயம்தான், அங்கும் உள்ளே கலன்கள் உண்டு. ஆனால் பேரளவுக் காய்ச்சலுக்கு ஊரின் ஓரத்துத் தொழிற்பேட்டைக்குத்தானே போனார்கள்? உள்ளே காட்சிக்கு, வெளியே வேலைக்கு. நான் சொன்னதும் அதுதான்.

பயணப்பை

நொதிக்கும்போது வரும் கார்பன் டை ஆக்சைடு? மேடை உயரம், மக்கள் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

மால்ட்மூட்டை

கூடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. 1,000 லிட்டர் வோர்ட் நொதித்தால் மொத்தம் 40 கிலோ வாயு. வேகமான நாளில்கூட 8, 9 கனமீட்டர். 200 பேர் மூச்சு விட்டாலே மணிக்கு 4 கனமீட்டர் வருகிறது. ஆபத்து அடைபட்ட இடத்தில்: கலனுக்குள், குளிரறையில், நிலவறையில். காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால் அங்கே தேங்கும். 40,000 பிபிஎம், அதாவது காற்றில் 4 சதவீதம் என்பதே உயிருக்கு ஆபத்தான அளவு. வெளியேற்றுக் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விடவேண்டும், எச்சரிக்கைக் கருவியைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மாட்டவேண்டும். தலைக்கு மேல் மாட்டுவது வெறும் அலங்காரம்.

சாந்துக்கரண்டி ஐயாவுக்கு: ப்ரூபப் என்றாலே காய்ச்சியதில் கணிசமான பங்கை அங்கேயே விற்பது. கொட்டகைக்குப் போய்விட்டால் மிஞ்சுவது உயரமான கூரையுள்ள ஓர் உணவகம், அவ்வளவே.

எதிரொலி

போகிறவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இப்படிப்பட்ட கூடங்களில் முதல் தொல்லை காதுக்கு. 5,000 கனமீட்டர், ஒலியை உறிஞ்சும் பரப்பு 250 சதுரமீட்டர் என்றால் எதிரொலி 3.2 நொடி நீளும். உரையாடலுக்கு ஒரு நொடிக்குள் இருந்தால் சுகம். ஆள் நிரம்பினால் உடம்பும் உடையும் உறிஞ்சி 2.3 நொடிக்கு இறங்கும், ஆனால் அத்தனை பேரும் கத்திப் பேசுவார்கள். நடுக்கூடத்தைத் தவிர்த்து, பாடகர் மாடத்துக்கு அடியில் இடம் கேளுங்கள். தாழ்ந்த மேற்கூரை பேச்சைக் காப்பாற்றும்.

மால்ட்மூட்டை

குடிப்பவருக்கு இன்னும் சில. அமெரிக்காவில் 21 வயது நிரம்பியதைக் காட்ட பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். மாதிரித் தட்டில் நாலு கோப்பை, தலா 150 மில்லி என்றால் மொத்தம் 600 மில்லி. ஒரு அமெரிக்கப் பைன்ட் 473 மில்லிதான். 'ருசி பார்த்தேன்' என்று காரை எடுக்காதீர்கள். வெளிறியதில் தொடங்கிக் கருத்ததுக்குப் போங்கள். கசப்பு மிகுந்த ஐபிஏ வகை பியர் கடைசியில், அதற்குப் பிறகு டுங்கெல் என்ற கருத்த ஜெர்மன் வகையைக் குடித்தால் நாக்குக்கு எதுவும் தெரியாது.

வண்ணக் கண்ணாடி வெயில் விழும் மேசை படத்துக்கு அழகு, பியருக்குக் கேடு. பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் நீல ஒளியில் உடைந்து சில நிமிடத்திலேயே கோப்பையில் ஸ்கங்க் நாற்றம் வந்துவிடும். காய்ச்சும் மணம் வேண்டுமென்றால் எந்தக் கிழமை காய்ச்சுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு மதியத்துக்கு முன் போகவேண்டும். மாலையில் காலிக் கெட்டிலைத்தான் பார்ப்பீர்கள்.

சாந்துக்கரண்டி

சனவரியில் போங்கள். பியர் வருவதற்குள் சன்னல் அடிச்சட்டத்தில் கை வைத்துப் பாருங்கள். வறண்டிருந்தால் மால்ட்மூட்டை சொல்லும் கண்டென்சர் ஒழுங்காக ஓடுகிறது. துணி செருகி வைத்திருந்தால் வேறு கதை. கண்ணாடிக்கு வெளிப்பக்கம் காப்புக்கண்ணாடி போட்டிருக்கிறார்களா, போட்டிருந்தால் மேலும் கீழும் காற்றுத்துளை விட்டிருக்கிறார்களா என்றும் பார்த்துவிட்டு வந்து இங்கே எழுதுங்கள்.

இரும்புத்தூலம்

அப்படியே மேடையின் முதல் படியில் விரிசல் இருக்கிறதா என்றும்.