தினசரி ஸ்கிரம் கூட்டம் முகாமையாளருக்கு ஒப்புவிக்கும் கூட்டமாகிவிட்டது: எவ்வாறு மாற்றுவது?

கேள்வி:
வணக்கம். கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றில், 13 பேர் கொண்ட அணிக்கு ஸ்கிரம் மாஸ்டராக (வேலையைச் சிறு சுற்றுகளாகப் பிரித்துச் செய்யும் ஸ்கிரம் முறையை அணி சரியாகப் பின்பற்ற உதவுபவர்) அண்மையில் பொறுப்பேற்றேன். வாடிக்கையாளர் இலண்டனில் இருப்பதால் தினசரிக் கூட்டத்தைப் பிற்பகல் 3 மணிக்கு வைக்கிறோம். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்வீர்கள், தடை என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொருவரும் முகாமையாளரைப் பார்த்தே பதில் சொல்ல, அவர் குறித்துக்கொள்ள, 40 நிமிடங்கள் கழிந்துவிடுகின்றன. பின்தங்கியிருப்பவர் அதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லக் கூசி, "நடந்துகொண்டிருக்கிறது" என்று முடித்துக்கொள்வதால், சிக்கல் ஸ்பிரின்டின் (ஒரு வேலைச் சுற்றின்) கடைசி நாளில்தான் வெளிவருகிறது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் வாடிப்போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. முகாமையாளரின் மனம் நோகாமல் இதை எவ்வாறு மாற்றலாம்?

பதில் 1:
முதலில் அந்த மூன்று கேள்விகளையும் விட்டுவிடுங்கள். 2020இல் வெளிவந்த ஸ்கிரம் வழிகாட்டியிலேயே அவை இல்லை. 15 நிமிடங்களுக்கு மேற்படாத அந்தக் கூட்டம் டெவலப்பர்களுக்குரியது. ஸ்பிரின்ட் இலக்கை நோக்கி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பார்த்து, மிகுதி வேலையைத் திருத்தி அமைத்துக்கொள்வதே அதன் நோக்கம். நாங்கள் ஆள் ஆளாகப் பேசுவதை நிறுத்தி, வேலைகளை நிலைவாரியாகக் காட்டும் பலகையின் வலது ஓரத்தில் முடிவை நெருங்கி நிற்கும் டிக்கெட்டிலிருந்து (வேலைக் குறிப்பிலிருந்து) தொடங்கி, "இதை முடிக்க யாருடைய உதவி வேண்டும்?" என்று கேட்டு வந்தோம். பேச்சு ஆளை விட்டு வேலைக்குத் திரும்பியதும், அதுவரை வாய் திறவாத கியூஏ (தரச் சோதனை) பொறியியலாளர், சோதிக்கவேண்டிய ஒரு பில்டுக்காக (மென்பொருள் பதிப்புக்காக) இரண்டு நாட்களாகக் காத்திருப்பதாகச் சொன்னார். தவிர, 13 பேர் அதிகம். வழிகாட்டி பொதுவாகப் பத்துப் பேர் அல்லது அதற்குக் குறைவு என்கிறது.

பதில் 2:
முகாமையாளரின் பக்கத்தையும் பாருங்கள். இலண்டனுக்குப் பதில் சொல்லவேண்டியவர் அவர். தேவையான தகவல் வேறு வழியில் கிடைக்காதவரை கூட்டத்தை விடமாட்டார். மிகுதி வேலை எவ்வளவு என்று காட்டும் பேர்ன்டவுன் வரைபடத்தையும் தடைப்பட்ட டிக்கெட்டுகளையும் நண்பகலுக்கு முன்னரே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் வெலாசிட்டியை (வேலையின் அளவுக்கு அணி இடும் புள்ளிகளில், ஒரு ஸ்பிரின்டில் முடித்தவற்றின் கூட்டுத்தொகையை) திறமையின் அளவுகோலாக அனுப்பவேண்டாம். எங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொரு ஸ்பிரின்டின் புள்ளிகளையும் முந்தியதோடு ஒப்பிட்டு, குறைந்தால் விளக்கம் கேட்டார். இரண்டு வார ஸ்பிரின்டுகளில் ஏறக்குறைய ஒன்றுவிட்டு ஒன்றில் போயா (பௌர்ணமி) விடுமுறை வரும் என்பது அவருக்குத் தெரியாது. விளக்கம் சொல்லிச் சலித்த அணி, மூன்று புள்ளி வேலையை ஐந்து என்று மதிப்பிடத் தொடங்கியது. புள்ளிகள் கூடின, வேலை கூடவில்லை. அணி தன் திட்டமிடலுக்காக வைத்துக்கொண்ட அளவை வெளியார் தராசாக்கினால் இதுதான் நடக்கும்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. திங்கட்கிழமை முதல் பலகையின் வலப்பக்கத்திலிருந்து தொடங்குகிறோம். அணியைப் பிரித்தால் இரண்டு புரொடக்ட் ஓனர்கள் (எந்த வேலை முதலில் என்று முடிவுசெய்பவர்கள்) தேவைப்படுவார்களா?

பதில் 1:
தேவையில்லை. ஒரே மென்பொருளென்றால் இரண்டு அணிகளுக்கும் ஒரே புரொடக்ட் ஓனர், ஒரே பேக்லொக் (செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்). பயனர் பார்க்கும் முன்முகப்பு, அதற்குப் பின்னால் இயங்கும் பின்தளம் என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள். ஓர் அணி மற்றதற்காகக் காத்திருக்க நேரிடும். ஒரு வசதியைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை தானே செய்து முடிக்கக்கூடியவர்கள் இரு பக்கத்திலும் இருக்கவேண்டும்.