மறு: செய்மதி ‘ட்ரெக்கிங்’ – வெள்ளிக்கிழமைக்குள் ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

ஹட்டன், செவ்வாய் இரவு

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்மதிச் செயலமர்வு வைத்திருக்கிறோம். அளவு நாடாவை வெட்டி பி.வி.சி. குழாயில் பொருத்திய யாகி அன்டனா மூன்று தயார். கையேடுதான் பாதியில் நிற்கிறது. ‘ட்ரெக்கிங்’ (tracking) என்ற ஆங்கிலச் சொல் வரும் இடமெல்லாம் வெற்றிடம் விட்டிருக்கிறேன், பதினேழு இடம். வெள்ளி நான்கு மணிக்குப் போட்டோகொப்பிக் கடையில் கொடுக்க வேண்டும்.

வேலை இதுதான். 400 கிலோமீற்றர் உயரத்தில், வினாடிக்கு ஏழரை கிலோமீற்றருக்கும் அதிகமாக ஓடும் ஒரு சின்னப் பெட்டியை, அது நம் வானத்தில் இருக்கும் சில நிமிடமும் அன்டனாவால் விடாமல் பிடித்துக்கொண்டே போவது. உதாரணத்துக்கு இலங்கையின் சின்னச் செய்மதி இராவணா-1ஐ எழுதியிருக்கிறேன்: பத்துச் சென்ரிமீற்றர் கனசதுரம், ஒரு கிலோ சொச்சம் எடை. 2019 ஜூன் 17 அன்று சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது, 2021இல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோனது.

கண்டி, புதன் காலை

டீச்சர், இதற்கு ஏன் புதுச்சொல்? கண்காணித்தல் இருக்கவே இருக்கிறது. சோழர் கல்வெட்டில் கோயில் காரியத்தை மேற்பார்ப்பவர் கண்காணி. திருமூலரோ இறைவனையே கண்காணி ஆக்கி, அவன் இல்லாத இடமில்லை என்கிறார். ஆயிரம் வருடமாகப் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள்?

ஹட்டன், புதன் மதியம்

ஐயா, திருமூலரோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கண்காணி எங்கள் தேயிலை மலைக்கு வந்தபோது கங்காணி ஆகிவிட்டது. காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டவர், ஆள் கட்டி வந்தவர், கடன் கணக்கைக் கையில் வைத்திருந்தவர். எங்கள் அப்பாயி அந்தச் சொல்லைக் குரல் தாழ்த்தித்தான் சொல்லும். வகுப்பில் ‘கண்காணி’ என்று எழுதினால் பின்வரிசையில் ஒருத்தன் “கங்காணி வாராரு” என்பான், அவ்வளவுதான், பாடம் முடிந்தது. இன்னொன்று: கங்காணி மேலே நின்று கீழே பார்ப்பவர். இங்கே மேலே இருப்பது செய்மதி. அண்ணாந்து பார்க்கிறவர்கள் பிள்ளைகள்.

பண்டாரவளை, புதன் மாலை

சுவடுபற்றல் எப்படி? காட்டில் விலங்கின் சுவட்டைப் பற்றிப் போவது போல. சொல் பழசு, பொருள் தெளிவு.

நுவரெலியா, புதன் இரவு

காட்டில் சரி, வானத்தில் ஏது சுவடு? அதுவும் இராவணன் பெயர் வைத்த செய்மதிக்கு! கம்பனில் என்ன நடக்கிறது? இராவணன் தேர் ஓடிய சுவட்டைப் பார்த்துத்தான் இராமனும் இளவல் இலக்குவனும் போகிறார்கள். ஓரிடத்தில் சுவடெல்லாம் மாய்ந்து, தேர் விண்ணில் ஏறிவிட்டது தெரிகிறது. இராமனே “இனி என்ன செய்வது” என்று நின்றுவிடுகிறான். சுவடுபற்றல் தோற்ற முதல் இடமே அதுதான்.

பண்டாரவளை, புதன் இரவு

முழுவதையும் சொல்லுங்கள் சேர். தேர் போன திசை தெற்கு என்று இளவல் சொல்கிறானே! சுவடு மறைந்த பிறகும் திசையைக் கணித்துப் பின்னால் போவதுதானே ட்ரெக்கிங்?

சென்னை, வியாழன் காலை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். கையேட்டில் ‘ஒழுக்கு’ என்று பார்த்தேன். எங்களுக்கு ஒழுக்கு என்றால் கூரை ஒழுகுவது. சுற்றுப்பாதை என்று போட்டால் எல்லோருக்கும் புரியுமே. செய்மதிக்கும் செயற்கைக்கோள்.

ஹட்டன், வியாழன் காலை

தோட்டத்து லய வீட்டுக் கூரையிலும் ஒழுக்கு உண்டு ஐயா, அதனால் ஒரு பிள்ளையும் விஞ்ஞானப் பாடத்தில் குழம்பியதில்லை. எங்கள் பாடநூலில் உள்ளது ஒழுக்கு, செய்மதி, மீடிறன் (உங்கள் அதிர்வெண்), ஆர்முடுகல் (உங்கள் முடுக்கம்). பரீட்சைத் தாளிலும் அவைதான். அதை இங்கே தொட வேண்டாம், ப்ளீஸ்.

தலவாக்கலை, வியாழன் மாலை

சொல் பார்க்கும் முன் வேலையைப் பிரித்துப் பாருங்கள். அது எப்போது எங்கே வரும் என்று முன்கூட்டிக் கணிப்பது ஒன்று. அன்டனாவைக் கையால் திருப்பிக்கொண்டே போவது இன்னொன்று. மூன்றாவது, மீடிறனைத் திருத்துவது. 437 மெகாஹேட்ஸ் பக்கம் பேசும் செய்மதி நம்மை நோக்கி வரும்போது சுமார் பத்துக் கிலோஹேட்ஸ் கூடிக் கேட்கும், விலகிப் போகும்போது அதே அளவு குறையும். டொப்ளர் விளைவு. வானொலிக் குமிழைத் திருப்பாவிட்டால் அன்டனா சரியாக நின்றும் பலனில்லை. மூன்றையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். நாமும் ஏன் அடைக்க வேண்டும்? முன்கணிப்பு, பின்தொடர்தல், மீடிறன் திருத்தம். முடிந்தது.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. அடிவானம் முதல் அடிவானம் வரை பத்து நிமிடம் என்று கையேட்டில் இருக்கிறது. அது கடற்கரைக் கணக்கு. நம்மைச் சுற்றி மலை இருபது பாகை மறைத்தால், நேர் உச்சியில் போகும் செய்மதிகூட நான்கு நிமிடம்தான் கிடைக்கும். பிள்ளைகளிடம் முதலே சொல்லிவிடுங்கள்.

நுவரெலியா, வியாழன் இரவு

செய்மதி நம் வானத்தைக் கடக்கும் அந்தப் பத்து நிமிட ‘பாஸ்’ஸுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? கடவையா?

ஹட்டன், வியாழன் இரவு

கடவை என்றால் பிள்ளைகளுக்குப் புகையிரதக் கடவைதான். கணவாய் மலைக்குப் போய்விட்டது, சித்தி என்றால் பரீட்சையில் பாஸாவது. ‘கடப்பு’ என்று போட்டிருக்கிறேன். அழகில்லை, தெரியும்.

நான்கு நிமிடக் கணக்குக்கு மிக்க நன்றி சேர், திருத்திவிட்டேன். போன மாதம் ஒத்திகையில் சத்தம் சட்டென்று நின்றபோது ஒரு பிள்ளை “டீச்சர், ஆள் மலைக்குப் பின்னால போயிட்டாரு” என்றாள். அப்போது நான் மின்கலத்தைத்தான் சந்தேகப்பட்டேன்.

கண்டி, வெள்ளி காலை

பின்தொடர்தல் என்கிறீர்கள். பின்னால் போய்க்கொண்டே இருந்தால் அது எப்போதும் நமக்கு முன்னால்தான் இருக்கும். அன்டனா அதோடு கூடவே போக வேண்டாமா? ‘உடன்தொடர்தல்’ என்றாவது போடுங்கள். கண்காணியைத்தான் வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள்.

பண்டாரவளை, வெள்ளி காலை

உடன்தொடர்தலுக்கு என் கை உயராது. பின்தொடர்தலுக்கு அரைக் கை.

ஹட்டன், வெள்ளி மதியம்

தலவாக்கலையும் நுவரெலியாவும் பின்தொடர்தல், பண்டாரவளை அரை, கண்டி எதிர்ப்பு. பதினேழு வெற்றிடத்தில் பதினொன்றில் பின்தொடர்தல், நான்கில் முன்கணிப்பு, இரண்டில் மீடிறன் திருத்தம் எழுதிவிட்டேன். கடை திறந்திருக்கிறது, போகிறேன்.

கண்டி, வெள்ளி மாலை

நல்லது மகள். என் எதிர்ப்பை மட்டும் குறித்துக்கொள். அந்த அறுபத்தொன்பது எழுத்து வரி இரண்டு, ஒழுக்கின் விபரம் இருக்குமே, அதற்கு என்ன சொல் போட்டாய்?

ஹட்டன், வெள்ளி இரவு

ஆங்கிலச் சுருக்கம் ‘டி.எல்.இ.’ என்றே விட்டுவிட்டேன் ஐயா. யாரிடமும் சொல்ல வேண்டாம்.