பதிவுப் புத்தகம் இல்லாத ஏ40 காரை எங்கள் பெயருக்கு மாற்றுவது எப்படி?

கேள்வி (கொக்குவில்)

வணக்கம். எங்கள் தந்தையார் 1979இல் சுண்டுக்குளியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து ஒஸ்ரின் ஏ40 சமர்செற் கார் ஒன்றை வாங்கினார். முத்திரை ஒட்டி அந்த ஆசிரியர் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு மட்டும் எங்களிடம் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தை வைத்திருந்த தகரப்பெட்டி, 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்த இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. உரிமை மாற்றமும் அதுவரை செய்யப்பட்டிருக்கவில்லை. தந்தையாரும் அந்த ஆசிரியரும் இப்போது உயிருடன் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் காபரேற்றருக்குள் சிறிது பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய அந்தக் காரை விற்க எங்களுக்கு மனமில்லை. தரகர் ஒருவர் வேறொரு ஏ40இன் புத்தகத்தை விலைக்கு எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். அதற்குச் சம்மதிக்கலாமா?

மறுமொழி (நல்லூர்)

தம்பி, தரகரின் பேச்சுக்குத் தயவுசெய்து இணங்க வேண்டாம். அந்தப் புத்தகத்துக்குப் பொருந்த, இன்னொரு காரின் சேசி இலக்கத்தை (அடிச்சட்டக இலக்கத்தை) உங்கள் காரில் பொறிப்பது குற்றம். அகப்பட்டால் காரும் போய்விடும், நீங்களும் நீதிமன்றம் ஏற வேண்டிவரும்.

முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டில் இந்த வாகனத்துக்கு யார் உரிமையாளராக இருக்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள். உங்கள் தந்தையாருக்கு விற்ற ஆசிரியரே முன்பு திறந்த பத்திரத்தில் (விற்பவர் ஒப்பமிட்டு, வாங்குபவரின் பெயரை எழுதாமல் விட்ட பத்திரத்தில்) வாங்கியவராக இருந்தால், ஏட்டில் அவருக்கும் முந்திய ஒருவரின் பெயர் இருக்கும். அது தெரியாமல் எழுதப்படும் சத்தியக்கடதாசிகள் எல்லாம் வீண்செலவாகிவிடும். அதோடு பொலிஸில் புத்தகம் தொலைந்ததற்கான முறைப்பாட்டைச் செய்து, அதன் பிரதியைப் பெற்று வையுங்கள்.

மறுமொழி (மானிப்பாய்)

மேலே சொன்னதோடு, இலக்கங்களைக் காரிலேயே சரிபாருங்கள். எங்கள் மொறிஸ் மைனரில் பொனற்றுக்குள் இருந்த தகட்டின் மேல் மூன்று தடவை பெயின்ற் அடித்திருந்தார்கள். தின்னரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்து, மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தபோதுதான் கடைசி இலக்கம் 3 அல்ல, 8 என்று தெரிந்தது. தகட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம்; இலக்கம் அழிந்தால் வாகனத்துக்கு அடையாளமே இல்லை. எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால், அதையும் பதிவேட்டில் திருத்த வேண்டியிருக்கும்.

மறுமொழி (யாழ்ப்பாணம், சட்டத்துறை)

உங்கள் விடயத்தில் இரண்டு மரணங்கள் இருப்பதால் இரண்டு படிகள் இருக்கின்றன. பதிவு உரிமையாளர் இறந்திருந்தால், அவருடைய உரித்தாளர்களோ, மாவட்ட நீதிமன்றம் நியமித்த நிருவாகியோ உரிமை மாற்றப் பத்திரத்தில் ஒப்பமிட வேண்டும். அவர்கள் வெளிநாட்டில் இருந்தால் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தமக்காக இன்னொருவர் ஒப்பமிட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தேவைப்படும். அடுத்து உங்கள் தந்தையாரின் பங்கு. திருமணத்துக்குப் பின் பணம் கொடுத்து வாங்கிய கார் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி தேடியதேட்டமாகும் (திருமண காலத்தில் தேடிய சொத்து) என்பதால், உங்கள் அம்மாவின் உரித்தை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பிள்ளைகள் மட்டும் கையொப்பமிட்டு முடிக்க முடியாது. பழைய பற்றுச்சீட்டை லமினேற் செய்யாமல் உறையில் வையுங்கள், அதன் மூலப்பிரதியை நீதிமன்றம் பார்க்கக் கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்

மிகவும் நன்றி. தரகருக்கு இன்றே மறுத்துச் சொல்லிவிட்டேன். தகட்டை நாளை துடைத்துப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பதிவேட்டு விபரத்துக்கு விண்ணப்பிக்கிறேன். ஆசிரியரின் மகள் ஒருவர் கனடாவில் இருப்பதாக அம்மா சொல்கிறார். அவருடைய தொடர்பைத் தேடத் தொடங்கியிருக்கிறோம்.