அயஹுவாஸ்கா: தோலில் ஒட்டும் வியர்வைப் பட்டையில் பிடிக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். தடயவியல் நச்சியல் படிக்கிறேன். பிரேசிலின் சாண்டோ டைமே சபையினர் வழிபாட்டில் குடிக்கும் அயஹுவாஸ்கா என்ற மனமயக்கக் கஷாயத்தை வியர்வை மூலம் கண்டறிவது பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரை தயாரிக்கிறேன். அந்தச் சபையினர் இதைக் குடிக்க அங்கே சட்டத்திலேயே இடம் உண்டு, அதனால் யாரையும் மாட்டிவிடும் வேலை இல்லை.

இந்தக் கஷாயத்தில் சக்ரூனா என்ற செடியின் இலையிலிருந்து டிஎம்டி என்ற மனமயக்கப் பொருள் வருகிறது. தனியாகக் குடித்தால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள எம்ஏஓ (மோனோஅமைன் ஆக்சிடேஸ்) நொதி அதைச் சிதைத்துவிடும். கூடவே கொதிக்கவைக்கும் கொடியில் உள்ள ஹார்மின், ஹார்மலின் அந்த நொதியைக் கட்டிப்போடுகின்றன. இரத்தத்தில் டிஎம்டி சில மணி நேரத்தில் மறைந்துவிடும். தோலில் ஒட்டும் பட்டையோ நாள்கணக்கில் வியர்வையைச் சேர்த்து வைக்கும். வியர்வை சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதால் இந்த மாதிரிக் காரப் பொருள்கள் அதில் தங்கும். இதுவரை சரி.

சிக்கல் இனிமேல்தான். சடங்கில் வாந்தி எடுப்பது சகஜம். கஷாயம் கையிலோ மார்பிலோ தெறித்து, அதன்மேல் பட்டை ஒட்டினால்? உடலுக்குள் போய் வந்ததா, வெளியே சிந்தியதா என்று எப்படிப் பிரிப்பது? உடல் டிஎம்டியை மாற்றும்போது உருவாகும் டிஎம்டி-என்-ஆக்சைடு என்ற வளர்சிதைப் பொருளைத் தேடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் ஜிசி-எம்எஸ் (மாதிரியை ஆவியாக்கிப் பிரித்து ஆராயும்) கருவியின் சூட்டில் என்-ஆக்சைடுகள் சிதையக்கூடும், அப்புறம் எதை நம்புவது? மாதிரியைத் திரவ நிலையிலேயே பிரிக்கும் எல்சி-எம்எஸ்/எம்எஸ்தான் ஒரே வழியா?

பட்டைகளிலிருந்து மருந்துகளைப் பிரித்தெடுத்த அனுபவம் உள்ளவர்கள், எந்தக் கரைப்பான், ஒட்டுமுன் தோலை எதனால் துடைப்பீர்கள் என்று சொன்னால்கூடப் போதும்.