நாய்க்குக் கண் எரிச்சல், கையில் காசில்லை: உங்களுக்கு என்ன ஆனது?

மணியின் ஆள்:
மணிக்கு இடது கண் சிவந்து பாதி மூடியே இருந்தது. மாசக் கடைசி. எனக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்து பாதி மிச்சம் இருந்தது. கண் மருந்துதானே என்று விட்டேன். இரண்டாம் நாள் சிவப்பு வடிந்ததும் ஒரே பெருமை எனக்கு. நான்காம் நாள் காலையில் கருவிழி மேல் ஆடை படிந்த மாதிரி வெளுப்பு. கடன் வாங்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஆரஞ்சு நிறக் காகிதத் துண்டை நனைத்துக் கண்ணில் தொட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சம் பிடித்தார். கருவிழியில் மிளகளவு பச்சையாக மின்னியது. "புண். நீங்கள் விட்டதில் டெக்சாமெத்தாசோன் இருக்கிறது" என்றார். அது ஒரு ஸ்டீராய்டு. சிவப்பை அடக்கும், புண்ணை ஆற விடாது. அந்தப் பச்சைப் புள்ளி இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

புதர்ப்பக்கம்:
எங்களுக்கு வினையானது புல். ஒரு கண்ணில் மட்டும் நீர் கொட்டியது. ஐந்து நாள் சலைன் ஊற்றிக் கழுவினேன். கழுவினால் திறக்கும், கொஞ்ச நேரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். டாக்டர் மரத்துப்போக ஒரு சொட்டு விட்டு, மூன்றாம் இமையை, அதாவது நாய்க்கு மூக்குப்பக்க ஓரத்தில் உள்ளே இருக்கிற இமையை, இடுக்கியால் தூக்கினார். பின்னால் சொருகிக்கொண்டு ஒரு புல்விதை. எடுத்ததும் நாய் ஒரு நீளமான மூச்சு விட்டது பாருங்கள். ஐந்து நாளும் நான் வெறும் தண்ணீர் விளையாட்டுதான் ஆடியிருக்கிறேன்.

சலைன் கட்சி:
சலைனை இப்படி மட்டம் தட்டாதீர்கள். எங்கள் வீட்டில் வெறும் தூசி, இரண்டு தரம் கழுவியதில் மறுநாள் சரி. அவ்வளவுதான் என் கதை. ஆனால் எதைக் கழுவுகிறோம் என்று தெரிய வேண்டும். 0.9% சலைன், சீல் உடைக்காதது, அறைச்சூட்டில். கான்டாக்ட் லென்ஸ் கழுவும் திரவம் வேண்டவே வேண்டாம். பஞ்சு நார் விடும், காஸ் துணி நல்லது. பீளை காய்ந்திருந்தால் பிய்க்காமல் ஊறவைத்து, மூக்குப்பக்க முனையிலிருந்து வெளியே துடையுங்கள், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித் துணி. முடி கண்ணில் குத்துகிறதா பாருங்கள். காலால் தேய்க்க விடாதீர்கள். கழுத்துக் கூம்பு வாங்க முடியாவிட்டால் அட்டையை வளைத்து ஒட்டுங்கள், மூக்கு நுனியைத் தாண்டி நீண்டிருந்தால் போதும். மனிதர்கள் சிவப்புப் போக விடுகிற சொட்டு நாய்க்கு ஆகாது, நக்கி உள்ளே போனால் விஷம். ஒரு நாள் பாருங்கள், குறையாவிட்டால் டாக்டரிடம் போங்கள்.

பிசுபிசுப்பு:
ஒரு நாள் பாருங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். வெறும் நீர் வடிந்தால் சரி. கண்ணைச் சுருக்கினாலோ, கருவிழியில் நீலம் பாய்ந்தாலோ அன்றைக்கே காட்ட வேண்டும். எங்களுடையதற்குக் கெட்டிப் பீளை. தொற்று என்று நினைத்து மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் களிம்பு போட்டேன். கடைசியில் இமைக்குள் ஒரு காகிதக் கீற்றைச் சொருகி ஒரு நிமிடம் வைத்தார்கள். குறைந்தது 15 மில்லிமீட்டராவது நனைய வேண்டுமாம், 4ல் நின்றுவிட்டது. கண்ணீரே சுரக்கவில்லை. இனி ஆயுசுக்கும் மருந்து. அந்தச் சோதனையை முதல் வாரமே கேட்டிருந்தால் களிம்புக் காசு மிச்சம்.

மணியின் ஆள்:
காசு பற்றிச் சொல்ல விட்டுவிட்டேன். உள்ளே நுழைந்ததும் "கையில் இவ்வளவுதான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். கூச்சமாகத்தான் இருந்தது. அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த ஆரஞ்சுக் காகிதச் சாயச் சோதனையும் ஒரு ஆன்டிபயாடிக் சொட்டும் மட்டும் எழுதினார், மூன்றாம் நாள் மறுபடி காட்டச் சொன்னார். புண் ஆறிவிட்டது, தழும்பு நின்றுவிட்டது. இடது பக்கம் பந்து போட்டால் மணி ஒரு கணம் தாமதித்துத்தான் திரும்புகிறான்.