மறு: கல்லூரி உதவி நிதி – மேடை வேண்டாம், கூடப் போக ஆள் வேண்டும்

சங்க உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

நம்மூரில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்க நம் சங்கம் திரட்டும் நிதி பற்றி வந்த எல்லா மடல்களையும், நேற்று இரவு கோலாலம்பூர் செந்தூலில் கடையை அடைத்துவிட்டு வந்துதான் படித்தேன். கிள்ளான் அண்ணன் ரசீது கேட்கிறார். பெரிய வீட்டு மாமா பிள்ளைகளை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்கிறார். துபாய்த் தம்பி மடிக்கணினி வாங்கித் தரலாம் என்கிறான். பிள்ளைகள் எதற்காகத் தயங்கி நிற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. திருவிழாவுக்குப் போய்ப் பத்து நாள் ஊரில் இருந்தவன் என்பதால் பார்த்ததை எழுதுகிறேன்.

தெற்குத் தெருவில் இந்த வருடம் பிளஸ் டூ தேறியவர்கள் ஆறு பேர். அரசுக் கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க 50 ரூபாய்தான்; எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 2 ரூபாய். ஆறு பேரும் விண்ணப்பித்தார்கள், இடமும் கிடைத்தது. அப்புறமும் நான்கு பேர் "பார்க்கலாம்" என்கிறார்கள். நம்மூரில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

டெய்லர் அக்கா மகளுக்குக் காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் இடம். ஊருணிக் கரையில் உட்கார்ந்து கேட்டேன். "மாமா, அங்க எல்லாம் இங்கிலீஷ்லதான் நடத்துவாங்களாம். எந்திரிச்சுப் பதில் சொல்லத் தெரியலைன்னா சிரிப்பாங்களா?" அதுதான் முதல் கேள்வி. அடுத்து, ஆறு நாளைக்கு உடுத்த நல்ல சுடிதார் இல்லை. இதுவரை சீருடை காப்பாற்றியது. வகுப்புச் சேதி எல்லாம் வாட்ஸப்பில் வருமாம், வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவோடு திருப்பூரில் இருக்கிறது.

அக்காவுக்கு வேறு பயம். அசல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, பிடிக்கவில்லை என்று வந்தால் தரமாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சரிபார்த்துவிட்டு அசலைத் திருப்பித் தர வேண்டும் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018-இலேயே விதி போட்டிருக்கிறது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளுக்கு முன்பே விலகினால், சிறு தொகை பிடித்துக்கொண்டு கட்டணத்தையும் தந்துவிட வேண்டும். அந்தத் தேதி போய் 30 நாள் கடந்தால்தான் ஒன்றும் வராது. இதைச் சொன்னபோது அக்கா ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். பெண்ணின் அப்பாவுக்கு ராகிங் என்றால் 1996-இல் சிதம்பரத்தில் ஒரு மாணவர் கொல்லப்பட்டதுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. மறுவருடமே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்ததையும், புகாருக்கு 1800-180-5522 என்ற எண் இருப்பதையும் போனில் சொன்னேன்.

நான் சொன்னது பாதிதான் வேலை செய்தது. மீதியைச் செய்தது வடக்குத் தெருவில் மூன்றாம் வருடம் படிக்கிற பெண். நமக்கும் வடக்குத் தெருவுக்கும் உள்ளது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வாசலில் போய் நின்று கூப்பிட்டேன். அவள் வந்து, முதல் செமஸ்டரில் தனக்கும் ஒன்றும் புரியவில்லை என்றாள். எந்த பஸ், எங்கே இறங்குவது, மதியச் சோற்றை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, கழிவறை எந்தப் பக்கம் என்று அரை மணி நேரம் பேசினாள். டெய்லர் அக்கா மகள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

இங்கே மலேசியாவிலும் அப்படித்தான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எஸ்டிபிஎம் (இங்கத்தைய பிளஸ் டூ) முடித்து யுபியூ என்ற அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கை வழியாகக் கடல் தாண்டிச் சபா மாநிலத்தில் இடம் கிடைத்தது. பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடன் உண்டு, ஹாஸ்டல் உண்டு. ஆனாலும் அவள் அம்மா அனுப்பமாட்டேன் என்றார். அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு பிள்ளையின் தாயோடு பேசிய பிறகுதான் விமானம் ஏற்றினார்.

என் கதை பெரியவர்களுக்குத் தெரியும். 1994-இல் எனக்கும் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. தனியாகப் போனேன். சாதிச் சான்றிதழ் நகலில் அட்டெஸ்டேஷன் இல்லை என்று ஜன்னலில் இருந்தவர் தாள்களைத் தள்ளிவிட்டார். எங்கே போய் வாங்குவது என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. பஸ் ஏறி வந்தவன் மறுபடி போகவில்லை. அன்று கூட ஒரு பெரிய ஆள் இருந்திருந்தால் அரை மணி நேர வேலை. என் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தபோதுகூடப் பினாங்குத் துறைமுகத்தில் நம்மூர்க்காரர் ஒருவர் காத்திருந்து கூட்டிப்போனார்.

கிள்ளான் அண்ணன், "தமிழ்நாட்டு அரசே மாதம் 1,000 ரூபாய் தருகிறதே, நாம் எதற்கு?" என்று கேட்டார். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், உண்மைதான். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி வழியாக விண்ணப்பித்து, வங்கிக் கணக்குக்கு வரும் பணம். பிள்ளை நின்றுபோவது சேர்வதற்கு முந்தின இருபது நாளில். அந்த இருபது நாளுக்குத்தான் கேட்கிறேன்: ஒரு பிள்ளைக்கு 6,000 ரூபாய். முதல் கட்டணம், உடுப்பு, செருப்பு, கூடப் போகிறவர் செலவு.

கணக்கு விஷயத்தில் அண்ணன் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. நீல ஐசி (அடையாள அட்டை) எடுத்து மலேசியக் குடிமக்கள் ஆகிவிட்டவர்கள் ஊர்ச் சங்கக் கணக்கில் பணம் போட வேண்டாம். எஃப்சிஆர்ஏ என்ற இந்திய வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவில்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. சொந்தக்காரப் பிள்ளைக்கு நேரடியாக அனுப்பலாம். சிவப்பு ஐசியோ (நிரந்தர வசிப்பு அட்டை) வேலை பெர்மிட்டோ, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் வங்கி வழியாகச் சங்கத்துக்கு அனுப்பலாம். ரசீது ஒவ்வொன்றையும் நானே படம் எடுத்துப் போடுகிறேன். செருப்புக்கும் பில் வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள், அண்ணே.

பெரிய வீட்டு மாமா, ஊர்ப் பெயர் வெளியே தெரிய வேண்டும் என்கிறீர்கள். டெய்லர் அக்கா மகள் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடையில ஏத்துனா எனக்கு வேணாம் மாமா." நான் கல்லூரியிலிருந்து திரும்பி வந்த அன்று உங்கள் திண்ணையில் என் அப்பாவை என்ன சொன்னீர்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் இந்தப் பிள்ளைகளை யார் முன்னாலும் நிறுத்திப் படம் எடுப்பதற்கு என் பணம் வராது.

அவள் வரும் செவ்வாய் காரைக்குடியில் சேர்கிறாள். டெய்லர் அக்காவும் வடக்குத் தெருப் பெண்ணும் கூடப் போகிறார்கள். இன்னும் மூன்று பேருக்கு ஆள் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை, சிவகங்கைப் பக்கம் உங்கள் அண்ணன், தம்பி, மச்சான், கொழுந்தியாள் யாராவது இருந்து ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். பணத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.